யாவோ மரத்தடியில் புட்டு மாவு

எங்கள் மடத்திலிருந்து மறுபடியும் மலாவி நாட்டுக்குச் சிஸ்டர்மார் போகிறார்கள். போவதற்கு முன்னால் அவர்களில் சிலர் மட்டாஞ்சேரியில் என் வீட்டைத் தேடி வந்தார்கள். சந்தில் இஞ்சி லாரி குறுக்கே நின்றதால் ஆட்டோவை விட்டு இறங்கி நடந்து வந்தார்களாம். எல்லாம் சின்ன வயசு. சாயா கொடுத்தேன். ஒருத்தி போனை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "லூர்து சேச்சி, அந்த யாவோ ஜனங்ககிட்ட எப்படிப் பழகணும்? சுவிசேஷத்தை எங்கேருந்து தொடங்கணும்?" என்று கேட்டாள். நான் சமையல்காரி. சுவிசேஷத்தை எங்கே தொடங்குவது என்று எனக்குத் தெரியாது. நடந்ததைச் சொன்னேன். அதைக் கேள்விப்பட்டு எங்கள் தமிழ்ச் சபைப் பத்திரிகைக்காரர் எழுதித் தரச் சொன்னார். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்து மெதுவாகத்தான் வரும். பிழை இருந்தால் அச்சடிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

என் அப்பா நாகர்கோவில் பக்கத்திலிருந்து இந்த பஜாருக்கு அரிசி மூட்டை இறக்க வந்தவர். அம்மா சுக்கு கிடங்கில் புடைத்தாள். நான் பிறந்ததும் வளர்ந்ததும் இங்கேதான். கட்டினவர் போனபிறகு மடத்து அடுக்களைக்கு வேலைக்குப் போனேன். கொஞ்ச நாளில் சாவிக்கொத்து என் இடுப்புக்கு வந்துவிட்டது. அப்புறம் யாரும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

அப்போது மலாவியில் ஏரிக்கரை ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பாகப் போன மதர் என்னையும் கூட்டிப் போனார். முதலில் போன சிஸ்டர்மார் வயிறு கெட்டுத் திரும்பி வந்திருந்தார்கள். "நல்ல அடுக்களை இல்லாத மிஷன் நிக்காது" என்பது மதரின் கணக்கு. கொசுக் காய்ச்சலுக்கு மாத்திரை, கொஞ்சம் இங்கிலீஷ், ஒரு புட்டுக்குடம். இவ்வளவுதான் என் பயிற்சி. யாவோ பாஷை கிணற்றடியில் காதால் வந்தது. கொரோனா வரும்வரை அங்கேதான் இருந்தேன்.

அந்த ஏரியைப் பார்த்தால் கடல் என்றுதான் நினைப்பீர்கள். அக்கரை தெரியாது, அலை அடிக்கும், படகு கவிழும். தண்ணீரை வாயில் விட்டால்தான் உப்பில்லை என்று தெரியும். கரை முழுக்க யாவோ ஜனங்கள். பெரும்பாலும் முஸ்லிம்கள். நோன்பு மாதத்தில் ஊரே பகலில் அடுப்பு மூட்டாது. கடவுளுக்கு அவர்கள் பாஷையில் முலுங்கு என்று பேர். நாங்கள் பூசையில் சொன்னதும் அதே பேர்தான். அதனால் அச்சன், நம் ஊரில் பாதிரியார் என்பார்களே, அவர் பிரசங்கம் பண்ணும்போது ஊரார் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, தெரிந்த விஷயத்தைக் கேட்டவர்கள் மாதிரி எழுந்து போவார்கள்.

இன்னொன்று. அங்கே ஆண்பிள்ளைதான் பெண்டாட்டி ஊருக்குக் குடி போவான். பெண் குழந்தை பிறந்தால்தான் குலவை. அக்கா தங்கைகளும் அவர்கள் பிள்ளைகளும் சேர்ந்தது ஒரு கூட்டம். அதற்கு ம்பும்பா என்று பேர். அந்தக் கூட்டத்துக்கு மூத்தவர், அந்தப் பெண்களின் கூடப்பிறந்தவனோ தாய்மாமனோ. நம் தமிழ் வீடுகளில் தாய்மாமனுக்குக் காதுகுத்திலும் கல்யாணத்திலும் முதல் மரியாதை உண்டு. அங்கே அது மரியாதை இல்லை, அதிகாரம்.

முதல் கிறிஸ்துமஸுக்கு அச்சன் ஊரையே விருந்துக்குக் கூப்பிட்டார். மாதத்துக்கு ஒரு தரம் வெளியூரிலிருந்து வந்து பூசை வைக்கும் மலையாளத்து அச்சன் அவர். நல்ல மனுஷர்தான். வாட்ச்மேன் ஆட்டை அறுத்தான். அவன் வேறு ஜாதிக்காரன், கிறிஸ்தவன். நான் மல்லியும் மிளகும் வறுத்து அரைத்துக் குழம்பு வைத்தேன். ஊரார் புதுத்துணி கட்டி வந்தார்கள், வாழ்த்துச் சொன்னார்கள், சோறும் வாழைப்பழமும் சாப்பிட்டார்கள். கறியை ஒருத்தரும் தொடவில்லை. என் குழம்பைத் தொடாமல் எழுந்துபோன ஆட்களை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அச்சனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மதருக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. போய்க் கை கழுவுவார். சோப்புப் போட்டு, விரல் இடுக்கெல்லாம் தேய்த்து, பிரசவத்துக்குப் போகிற மாதிரி முழங்கை வரை கழுவுவார். துடைத்துக்கொண்டு வந்துதான் பேசுவார். அன்றைக்கும் கழுவிவிட்டு வந்து வாட்ச்மேனிடம் ஒரே கேள்வி கேட்டார்: "இந்த ஊர்ல ஆடு அறுக்கிறது ஆரு?"

அடுத்த கிறிஸ்துமஸுக்குப் பள்ளிவாசல் பெரியவர் வந்து, அவர் ஓதவேண்டியதை ஓதி ஆட்டை அறுத்தார். அச்சன் முகம் சுருங்கிவிட்டது. "கர்த்தர் பிறந்த நாள் ஆட்டுக்கு இவங்க பிரார்த்தனையா மதர்?"

"ஆட்டுக்கு ஞானஸ்நானம் கொடுக்கப் போறோமா அச்சோ? திங்கத்தானே விளிச்சது" என்றார் மதர்.

சட்டியில் எலும்பு கூட மிஞ்சவில்லை.

இனி செய்னாபு விஷயம். அந்தச் சிஸ்டர்மார் கேட்டதும் இதைத்தான் சொன்னேன்.

செய்னாபு ஏரிக்கரைப் பெண். வாயாடி, சிரித்த முகம். தலைப்பிள்ளையைப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கீறி எடுத்திருந்தார்கள். அது தங்கவில்லை. இரண்டாவது உண்டாகி, மாதம் நிறைந்து எங்களிடம் வந்தாள். மதர் தொட்டுப் பார்த்தார். குழந்தை குறுக்கே கிடந்தது. வலி எடுத்தால் பழைய தையல் தாங்காது. தாயும் போவாள், பிள்ளையும் போகும். எங்கள் ஆஸ்பத்திரியில் கீறுகிற வசதி இல்லை. வலி வருவதற்கு முன்னால் பட்டணம் போய்ச் சேர வேண்டும். மழையில் ரோடு அடித்துப் போயிருந்தது. இருந்த ஒரே வழி ஏரி. ஆஸ்பத்திரிப் படகு இருந்தது, மோட்டார் போட்ட நல்ல படகு.

மதர் புருஷனைக் கூப்பிட்டு எல்லாம் விளக்கினார். அவன் எல்லாவற்றுக்கும் சரி என்றான். படகில் பாய் விரித்தாயிற்று. செய்னாபு கட்டிலை விட்டு இறங்கவில்லை. அவள் அம்மாவும் சித்திமாரும் கட்டிலைச் சுற்றி அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"எந்தா இது? புருஷன் சம்மதிச்சாச்சு. இவள் ஏன் எழுந்திரிக்கல்ல?" என்றார் மதர்.

வார்டு கூட்டுகிற யாவோப் பெண் சிரித்துவிட்டாள். "அவன் எங்க ஊர் விருந்தாளி, மதர். விருந்தாளிகிட்டயா கேப்பாங்க? அவ மாமனைக் கூப்பிடுங்க."

மதர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "என்டெ வீட்டுக்குப் பக்கத்து நாயர் தறவாட்டுல அம்மாவன், அந்தத் தாய்மாமன், சொல்லாம அடுப்பு எரியாது. அதைப் பார்த்து வளர்ந்தவ நான். எனக்கு இது தோணல்லியே!"

அதற்குப் பிறகு அந்த ஆஸ்பத்திரியில் யார் வந்து படுத்தாலும் பேர், ஊர், நோவு கேட்டதும் மதர் இன்னொன்றும் கேட்பார்: "உனக்காகப் பேச வேண்டியவர் ஆரு?" இப்போது போகிற சிஸ்டர்மாரும் அதைக் கேட்டால் நல்லது.

மாமன் வந்தார். சே சைதி. சே என்பது நம் ஊரில் ஐயா சேர்த்துச் சொல்கிற மாதிரி. நெட்டையான ஆள். வெள்ளைத் தொப்பி, வெயிலிலும் கழற்றாத பழைய கோட்டு, வலை முடைந்து காய்த்த விரல்கள். மதர் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு பெண்களைக் கேட்டார். செய்னாபுவின் அம்மா, அவருடைய சொந்த அக்கா, வாயைத் திறந்தாள்.

"போன மழைக்கும் இப்படித்தான் படகுன்னு சொன்னே. தங்கச்சி போனா. வந்தாளா?"

அவர் தங்கச்சி சந்தைப் படகில் போய், படகு கவிழ்ந்து, உடல்கூடக் கிடைக்கவில்லை. போகலாமா என்று அவள் கேட்டபோது போ என்று சொன்னவர் சே சைதிதான். அதிலிருந்து ம்பும்பாப் பெண்கள் அவர் சொல்லை முழுக்க எடுத்துக்கொள்வதில்லை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"மூத்தவங்களைக் கேட்டுச் சொல்றேன். காலையில தெரியும்" என்று எழுந்தார்.

மூத்தவர்கள் என்றால் செத்துப்போன முன்னோர். எங்கள் வளாகத்தின் ஓரத்தில் ஒரு பெரிய மரம் நின்றது. மடம் வருவதற்கு முன்னாலிருந்தே அது அவர்களுடைய மரம். பயணம், கல்யாணம், நோவு எதுவானாலும் மாமன்மார் அதன் அடியில் உட்கார்ந்து, முன்னோர் பேரைச் சொல்லி, சோள மாவைக் கை விரல் வழியாக மெல்ல மெல்லத் தரையில் விடுவார்கள். மாவு கூம்பாகக் குவிந்து நின்றால் நல்லது. அதன்மேல் ஒரு பானையைக் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். காலையில் பானையை எடுத்துப் பார்க்கும்போது கூம்பு அப்படியே நின்றால் முன்னோர் சரி சொல்லிவிட்டார்கள். சரிந்திருந்தால் வேண்டாம் என்று அர்த்தம். பள்ளிவாசலுக்குப் போகிறவர்களும் இதைச் செய்தார்கள். பள்ளிவாசல் பெரியவருக்குப் பிடிக்காது, ஆனால் சண்டைக்கு வரமாட்டார். அச்சனுக்கு மரத்தை வெட்டவேண்டும். மதர் விடவில்லை. ஆனால் ஒரு சட்டம் போட்டிருந்தார்: நோஞ்சான் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சும் ஸ்டோர் மாவில் ஒரு பிடி கூட மரத்தடிக்குப் போகக்கூடாது. சாவி என்னிடம். போனதில்லை.

அன்றைக்கு அச்சன் வந்திருந்தார். விஷயம் கேட்டுத் துடித்துப்போனார். "ஒரு உயிரு மதர்! மாவு விழுமா நிக்குமான்னு பார்த்துட்டு இருக்கிறதா? தூக்கிப் படகுல வைங்க. பாவம் என்மேல வரட்டும்."

மதர் போய்க் கை கழுவிவிட்டு வந்தார். "தூக்கிட்டுப் போகலாம் அச்சோ. இவள் பிழைப்பாள். அடுத்தவள் வலி வந்தா நம்ம வாசலுக்கே வரமாட்டாள். காலை வரைக்கும் நான் அவள் பக்கத்துல இருக்கேன். வலி தொடங்கினா தூக்குறேன், ஆரு கேட்டாலும் தூக்குறேன்."

நான் அடுக்களைக்குப் போனேன். அச்சனுக்கு மாலைக்குப் புட்டு என்று சொல்லியிருந்தார்கள். அங்கே அரிசி மாவு அருமை, சோள மாவில்தான் புட்டு. தாம்பாளத்தில் மாவைக் கொட்டித் தண்ணீர் தெளித்துப் பிசிறிக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. சே சைதி.

"என்ன பண்றே அம்மா?"

"மாவு நனைக்கிறேன். எங்க ஊர்ச் சாப்பாடு."

குனிந்து ஒரு பிடி எடுத்தார். கையை மூடித் திறந்தார். விரல் பதிந்த தடத்தோடு மாவு கட்டியாக நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலால் தட்டினார், உதிர்ந்தது. மறுபடி பிடித்தார், நின்றது.

"இதுல எனக்குக் கொஞ்சம் தா."

"மரத்தடிக்கா? மதர் குடுக்கக்கூடாதுன்னிருக்காங்க."

"அது பிள்ளைங்க மாவு. இது யார் மாவு?"

"அச்சனுக்குள்ளது."

"நாங்க ஒரு மாசம் நோன்பு இருக்கோம். அவர் ஒரு சாயங்காலம் இருக்கட்டும்."

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். "மூத்தவங்களை ஏமாத்தலாமா சே சைதி?"

"மாவு காய்ஞ்சுதான் இருக்கணும்னு அவங்க என்னிக்கும் சொன்னதில்லையே." சொல்லிவிட்டு நிலைப்படியில் கை வைத்துக்கொண்டார். சிரிப்புப் போய்விட்டது. "நான் போன்னு சொன்னா இவளுக கேக்கமாட்டாளுக. மாவு சரிஞ்சா போகாதேன்னு நான்தான் சொல்லியாகணும். எங்க அக்கா மககிட்ட நீ இங்கேயே கிடந்து சாவுன்னு சொல்றது அது. எனக்கு அதுக்கு வாய் வராதும்மா."

நான் கிண்ணம் நிறைய அள்ளிக் கொடுத்தேன். சட்டம் பிள்ளைகளின் மாவுக்குத்தான். அடுக்களை மாவை யாருக்குப் படைப்பது என்பது என் பொறுப்பு. அச்சனுக்குக் கஞ்சியும் துவையலும் வைத்தேன். அவரும் ஏன் என்று கேட்கவில்லை, அன்றைக்கு அவருக்கு எதுவும் இறங்கவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் மரத்தடியில் பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் கிணற்றடியில் நின்று பார்த்தேன். சே சைதி தொப்பியைக் கழற்றிவிட்டு மண்டியிட்டார். தாத்தன், பாட்டன், செத்துப்போன தங்கச்சி பேர் எல்லாம் சொன்னார். தங்கச்சி பேர் வந்தபோது அவர் அக்கா வேறு பக்கம் பார்த்தாள். மாவு விரல்களுக்கு நடுவே மெல்ல இறங்கியது. கூம்பு உயர்ந்தது. நனைந்த மாவு, நிற்காமல் என்ன செய்யும்! பானையைக் கவிழ்த்தார்கள்.

காலையில் நான் தீ மூட்டுவதற்குள் பெண்கள் வந்துவிட்டார்கள். பானையை எடுத்தார்கள். கூம்பு மேல்பக்கம் காய்ந்து, ஓடு கட்டி, கோயில் கோபுரம் மாதிரி நின்றது. யாரும் ஆர்ப்பாட்டம் பண்ணவில்லை. செய்னாபுவின் அம்மா எழுந்தாள், முந்தானையைத் தட்டினாள், நேராக வார்டுக்குப் போய் மகளின் துணியை மூட்டை கட்டத் தொடங்கினாள்.

மதரும் வந்து பார்த்தார். கூம்பின் ஓரத்தில் உதிர்ந்த ஒரு கட்டியை எடுத்து விரலில் நசுக்கினார். என் பக்கம் திரும்பினார்.

"எடீ லூர்தே, இது புட்டுக்கு நனைச்ச மாவல்லே?"

"ஆமா மதர்."

"அச்சனுக்குக் கஞ்சி கிடைச்சது இதனால தானா?"

"ஆமா."

கையைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்குக் கழுவவில்லை. படகில் செய்னாபுவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, சலைன் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். சே சைதியும் ஏறினார். ஏரி அன்று அமைதியாக இருந்தது. பட்டணத்தில் வயிற்றைக் கீறினார்கள். தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. பெண் பிள்ளை. திரும்பி வந்தபோது கரையில் குலவை அடங்க வெகு நேரமாயிற்று.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. அந்த மாவு என் அடுக்களையில் நனைத்தது என்று எப்படியோ ஊருக்குத் தெரிந்துவிட்டது. பெண்கள் ஒவ்வொருத்தியாக அடுக்களை வாசலுக்கு வர ஆரம்பித்தார்கள். கையில் அவரவர் வீட்டு மாவு. "அம்மா, உன் கையால தண்ணி தெளிச்சுக் குடு. உன் கை ராசி." நான் ராசிக்காரி இல்லை, சமையல்காரி என்று சொல்லிப் பார்த்தேன். பயனில்லை. என் கை மாவை யாரும் அதிசயமாக நினைப்பது எனக்குப் பிடிக்கவில்லை, அதில் அதிசயம் ஒன்றுமில்லை. அதனால் சொல்லிக் கொடுத்துவிட்டேன்: கொஞ்சம் கொஞ்சமாகத் தெளி, விரல் நுனியால் பிசிறு, பிடித்தால் நிற்கவேண்டும், தட்டினால் உதிரவேண்டும். பிறகு ஒருத்தியும் வரவில்லை.

மதர் இதையெல்லாம் வராந்தாவிலிருந்து பார்த்தார். "அச்சன் இத்தனை வருஷமா தெளிக்க நினைச்ச ஞானஸ்நானத் தண்ணிய நீ மாவுல தெளிச்சுட்டே" என்றார். திட்டா, மெச்சலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மறுநாளிலிருந்து மடத்தில் புட்டு வேண்டாம் என்றார். அவ்வளவுதான்.

செய்னாபுவின் பிள்ளை நடக்கத் தொடங்கிய பிறகு ஒருநாள் சே சைதி வந்து அடுக்களைப் படியில் உட்கார்ந்தார். சாயா கொடுத்தேன், தொடவில்லை.

"நீ என்ன காரியம் பண்ணிட்டேம்மா?"

"என்ன பண்ணினேன்?"

"இப்ப ஊர்ல எல்லா மாவும் நிக்குது. ஒரு பையன் தென்னாப்பிரிக்கா போறேங்கிறான், மாவு நிக்குது. ஒருத்தி அந்தக் குடிகாரனைக் கட்டுறேங்கிறா, மாவு நிக்குது. மாமன்மாரு மாவு விட உட்கார்றதுக்கு முன்னாடியே இவளுக நனைச்சு வச்சிடறாளுக. வேண்டாம்னு சொல்ல எங்களுக்கு ஆளில்லாமப் போச்சு."

"நீங்க சொல்லுங்களேன்."

"நான் எப்படிச் சொல்றது? இதுநாள் வரைக்கும் மூத்தவங்கதானே சொன்னாங்க! நான் சொன்னா அக்கா தங்கச்சி மகளுக சண்டைக்கு வர்றாளுக." ஏரியைக் காட்டினார். "இன்னிக்கு அவ போறா. செய்னாபு. கருவாடு விக்க, அதே சந்தைப் படகுல. காத்தடிக்கிற மாசம். அவளே மாவை நனைச்சா, அவளே எங்கிட்டக் குடுத்தா. நான் விட்டேன், நின்னுது. நீயாவது போகாதேன்னு சொல்லு."

நான் கரைக்குப் போனேன். செய்னாபு கூடையோடு படகில் ஏறிக்கொண்டிருந்தாள். போகாதேடி, காற்று சரியில்லை என்றேன். "மாவு சொல்லிடுச்சே அம்மா! நீ சொல்லிக் குடுத்த மாவுதானே" என்று சிரித்தாள். படகு போய்விட்டது.

மதியத்துக்கு மேல் காற்று ஏறியது. அலை மணலைத் தாண்டி வந்தது. சே சைதி கரையில் கவிழ்த்திருந்த தோணியின்மேல் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. செய்னாபுவின் அம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து நின்றாள். நான் அடுப்பை வார்டுப் பெண்ணிடம் விட்டுவிட்டு அங்கேயே இருந்தேன். மதரும் வந்து நின்றார்.

வெயில் தாழ்ந்து படகு கண்ணில் பட்டது. படகில் பாதிக்கு நிறைந்த தண்ணீரை இறைத்துக்கொண்டே வந்து சேர்ந்தார்கள். செய்னாபு நனைந்த கோழி மாதிரி இறங்கினாள். கூடை காலி, எல்லாவற்றையும் விற்றிருந்தாள். பல் தெரியச் சிரித்துக்கொண்டு மாமனிடம் வந்தாள்.

சே சைதி எழுந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டார். பிறகு தொடங்கினார். முன்னோர் பேர் ஒன்று சொல்லவில்லை, மாவைப் பற்றிப் பேசவில்லை. நான் சொல்கிறேன், நான், இனி காற்று மாதத்தில் படகில் கால் வைத்தால் காலை ஒடித்துவிடுவேன் என்று ஊர் முழுக்கக் கேட்கிற குரலில் கத்தினார். குரல் நடுவில் இரண்டாக உடைந்தது, அப்படியும் நிறுத்தவில்லை. அந்த வாயாடி செய்னாபு, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, காலிக் கூடையை மார்போடு பிடித்துக்கொண்டு, அவர் முடிக்கும்வரை நின்று கேட்டாள்.